நாலு லட்சம் போதும்

"கல்யாணப் பத்திரம் இருக்கா பெரியம்மா?" என்று கேட்டாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பெண். கேட்டுவிட்டு டெரெக்கின் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "இருந்தா நாலு லட்சம் போதுமே. எதுக்கு எட்டு லட்சத்தையும் முடக்கணும்?" என்றாள்.

லம்யாய்க்கு முதலில் கேள்வி காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது வங்கி. முதல் வங்கியில் வட்டி கால் சதவீதம் கூடுதல், ஆனால் விசா ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் பாங்காக்கிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். இரண்டாவதில் கடிதம் உடனே கிடைக்கும், வட்டி மட்டும் எறும்புக்கு வைத்தால்கூட எறும்பு கோபித்துக்கொள்ளும். மூன்றாவது இது, தாய்லாந்தின் வடகிழக்கே உடோன் நகரத்தின் பெரிய அங்காடிக் கட்டடத்தில் மேல்மாடியில், குளிர் எலும்பைத் துளைக்கும் இடத்தில். டெரெக் ஒரு மாதமாக இதே வேலையாக இருந்தார். போன வாரம் பழைய வைப்புத்தொகை முதிர்ந்ததிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. தினமும் சாயங்காலம் பீர் கடையில் மோரிஸுடன் உட்கார்ந்து எந்த வங்கி, எத்தனை மாதம், எவ்வளவு வட்டி என்று அலசுவார். மோரிஸும் அவரைப் போலவே ஓய்வுபெற்று வந்த இங்கிலாந்துக்காரர்தான், ஆனால் வங்கி விஷயத்தில் அவர் சொல்வது டெரெக்குக்கு வேதவாக்கு. ஒரு பெண்ணைக் கட்டுவதற்குக்கூட இவர்கள் இத்தனை யோசித்திருக்க மாட்டார்கள் என்று லம்யாய் மனதுக்குள் கேலி செய்திருக்கிறாள். இப்போது அதுவே திரும்பி வந்து அவள் கன்னத்தில் அறைந்தது.

"என்னம்மா சொன்னே?" என்றாள் அந்தப் பெண்ணிடம். சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் பிம் என்று எழுதியிருந்தது.

"இல்ல பெரியம்மா, தாத்தா ஓய்வு விசாலதானே இருக்கார்? அதுக்குத்தான் எட்டு லட்சம், அவர் பேர்ல மட்டும். நம்மூர்ப் பொண்ணக் கட்டினவங்களுக்குத் தனி விசா இருக்கே. அதுக்கு நாலு லட்சம் காட்டினாப் போதும். மீதிய நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டுக் கணக்குல போட்டுக்கலாம். எங்க பக்கத்து வீட்டு டச்சுக்காரர் அப்படித்தான் பண்ணியிருக்கார்."

நல்ல பிள்ளை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

லம்யாய் டெரெக்கைப் பார்த்தாள். அவருக்கு அவள் மொழியில் சாப்பாட்டின் பெயர்களும் கெட்ட வார்த்தைகளும்தான் தெரியும். மற்றதற்கெல்லாம் அவள்தான் வாய். மருத்துவமனை, மின்சார ஆபீஸ், டயர் கடை, வங்கி, எங்கே போனாலும் அவள் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். இதையும் அப்படியே ஆங்கிலத்தில் தள்ளிவிட்டாள்.

"இந்தப் பொண்ணு கேக்குறா, நமக்குக் கல்யாணப் பத்திரம் இருக்கான்னு. இருந்தா நாலு லட்சம் போதுமாம்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் ஆச்சரியப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தாள். ஆச்சரியப்பட்டிருந்தால் மன்னித்திருப்பாள், இரண்டு பேருமே முட்டாள்கள் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். டெரெக் ஆச்சரியப்படவில்லை. மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனாவைப் பார்த்தார்.

"இல்லைன்னு சொல்லு," என்றார். "அது வேற விசா. தொந்தரவு ஜாஸ்தி. வீட்டுக்கே வந்து போட்டோ எடுப்பாங்க, அக்கம்பக்கத்துல சாட்சி கேப்பாங்க. மோரிஸ் சொன்னான்."

"எடுக்கட்டுமே. எனக்கு என்ன அழகு குறைஞ்சு போச்சு?"

"லம்யாய், இங்க வேணாம்."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்," என்றார் டெரெக் சலிப்போடு.

எல்லாருக்கும். அப்படியென்றால் மோரிஸுக்குத் தெரியும். மோரிஸ் பெண்டாட்டிக்குத் தெரியும், வாராவாரம் சந்தையில் பார்த்து அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்கிறவளுக்கு. அந்தப் பீர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தவள் இவள் ஒருத்திதான்.

ஒன்பது வருஷமாக அவள் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் விசா நேரம் வந்தால் டெரெக் தலையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு லட்சம், உங்க அரசாங்கம் எட்டு லட்சம் கேக்குது, நான் என்ன பண்ணுவேன்?" என்பார். அவளும் கூடச் சேர்ந்து திட்டுவாள். வயசானவர் ஒருவர் ஊருக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே, இதற்கு எதற்கு இத்தனை பணத்தை வங்கியில் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள் என்று ஆதங்கப்படுவாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துப் பவுண்டின் மதிப்பு சரிந்து அவர் கணக்கில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பாட் துண்டு விழுந்தபோது, பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் நடத்திய நூடுல்ஸ் கடையை விற்றாள். அந்தக் கடையில் காலை நாலு மணிக்கு எலும்பு சூப்பு கொதிக்க ஆரம்பித்தால் ஓட்டுநர்கள் வாசனை பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். விற்ற பணத்தை அப்படியே கொண்டுவந்து அவர் பெயரில் போட்டாள். "ஒரு வருஷம்தான். விசா வந்ததும் எடுத்துக் குடுத்துடுறேன்," என்றார். விசா வந்தது. அடுத்த வருஷத்து விசாவுக்கும் அதே எட்டு லட்சம் வேண்டியிருந்தது. பிறகு அதற்கடுத்த வருஷம். அவளும் கேட்கவில்லை. அரசாங்கம் கேட்கிறது, புருஷன் என்ன செய்வான்? பாவம் அரசாங்கம். கட்டிய பெண்டாட்டி என்று காட்டினால் பாதி போதும் என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பெரியம்மா?" என்றாள் பிம்.

"இல்லம்மா. நாங்க பதிவு பண்ணிக்கல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கையில் நம்பர் சீட்டோடு காத்திருந்த பெண்மணி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். லம்யாய்க்கு ஐம்பத்தேழு வயது. இந்த வயதில், இத்தனை பேர் நடுவில், வைத்துக்கொண்டவள் மாதிரி நிற்க வேண்டியதாகிவிட்டது.

பிம் சங்கடத்தோடு விசைப்பலகையைத் தட்டினாள். "பரவாயில்ல பெரியம்மா. அப்ப எட்டு லட்சமே போட்டுடறேன். அவசரத்துக்குக் கூப்பிட உங்க நம்பர் போடறேன். உறவுமுறை என்னன்னு போட?"

இந்த ஒரு கேள்வி டெரெக்குக்குப் புரிந்துவிட்டது. விசா ஆபீசுக்கு மட்டும் அவர் மோரிஸோடு போவார், அங்கே வருஷா வருஷம் கேட்டுப் பழகிய கேள்வி. லம்யாய் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டு அவள் மொழியில் சொன்னார்:

"வீட்டு உரிமையாளர்."

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. பதின்மூன்று வருஷமாக இந்த ஊரில் இருந்தும் மிளகாய் குறைத்துப் போடு என்று ஒரு கடைக்காரிக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரியாத மனிதர், இதை மட்டும் ஏற்ற இறக்கம் பிசகாமல் சொன்னார். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மனப்பாடம் செய்தாரா? கண்ணாடி முன்னால் நின்று பழகினாரா? லம்யாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே? அவ என்ன கேக்குறான்னு யார் சொல்வா?"

"நீதான் நல்லாப் பேசுறியே. பேசு."

சுவரோரம் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. பிம் எதையோ கேட்டாள், டெரெக் தலையாட்டினார். பிம் விரல்களை விரித்துக் காட்டினாள், டெரெக்கும் விரல்களை விரித்துக் காட்டினார். வட்டியைத் தனிக் கணக்கில் போடவா, இதிலேயே சேர்க்கவா என்று கேட்கிறாள் என்பது லம்யாய்க்கு அங்கிருந்தே புரிந்தது. டெரெக் இரண்டுக்கும் ஆமாம் என்றார். திரும்பிப் பார்த்து, "லம்யாய்!" என்று கூப்பிட்டார். அவள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த தங்க விலையைப் பார்த்தாள். அவர் காது மடல் சிவந்து, பிறகு கழுத்தும் சிவந்தது. சிவக்கட்டும் என்று நினைத்தாள்.

கடைசியில் எங்கெல்லாம் பிம் பென்சிலால் புள்ளி வைத்தாளோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு டெரெக் வந்தார். புது வைப்புத்தொகைக்கு வங்கி கொடுத்த குடை ஒன்று கையில் இருந்தது, பொட்டலம் பிரிக்காத பச்சைக் குடை. அதை அவளிடம் நீட்டினார்.

"இந்தா, உனக்கு."

லம்யாய் அந்தக் குடையைப் பார்த்தாள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஒரு குடை. அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மின்படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

வண்டி ஓட்டும்போது யாராவது பேசினால் டெரெக்குக்குப் பிடிக்காது, இன்றைக்கு அது வசதியாகப் போயிற்று. லம்யாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு வெட்டும் காலம், வழியெல்லாம் லாரிகளிலிருந்து விழுந்த காய்ந்த தோகை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம் ஞாபகம் வந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ஊர்க் கிழவர்கள் மணமக்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். டெரெக் கொண்டுவந்த பரிசப் பணத்தைத் தாம்பாளத்தில் விசிறி மாதிரி விரித்து வைத்து எல்லோரும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அன்று சாயங்காலமே அவள் அம்மா அதை உறையில் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். முன்பே பேசி வைத்ததுதான், பல வீடுகளில் நடப்பதுதான், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இன்றைக்கு அதுவும் சேர்ந்து குத்தியது. இந்த மனிதரின் பணத்துக்கு எப்போதும் ஒரே வேலைதான். காட்ட வேண்டியவர்களுக்குக் காட்டுவது, பிறகு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது.

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் மருத்துவமனைத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். சமையலறைக்கு ஓடு போட்டதும் அவர் கையால்தான். இதெல்லாம் ஞாபகம் வந்து அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்டவனாக இருந்திருந்தால் வெளக்குமாற்றை எடுத்து ஒரே நாளில் விரட்டியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் டெரெக் வழக்கம்போல மேசையில் விசாக் கோப்பைப் பிரித்தார். பணம் போட்ட அன்றே எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட வேண்டும் அவருக்கு. இரண்டு மாதம் பணம் அசையாமல் கிடந்த பிறகு விசா ஆபீசுக்குப் போகும்போது ஒரு காகிதம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் நகல், வங்கிப் புத்தகத்தின் நகல், வரைபடம், படங்கள். கடைசியாக அவளுடைய வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல். வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது என்பதால் வீடு அவள் பெயரில். இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கோப்பை வாங்கவே செய்வார்கள். ஒன்பது வருஷமாக அவள் சமைத்துக்கொண்டே, துணி காயப்போட்டுக்கொண்டே, எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

டெரெக் பேனாவையும் அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். லம்யாய் தரையில் உட்கார்ந்து உரலில் பப்பாளிக் காயை இடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா இருக்கேன்னு தெரியுது," என்றார். "இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. அப்புறமா பேசிக்கலாம்."

லம்யாய் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"என் நூடுல்ஸ் கடைப் பணத்தக் குடு."

"இன்னிக்குத்தானே போட்டேன்! ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாது. எடுத்தா விசா போயிடும், உனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே ஒம்பது வருஷமா காதுல பூ சுத்தினே. நாலு லட்சம் போதும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? என் கடைய வித்தேனே, அப்பவாவது சொன்னியா? என் பேர எழுதறதுக்குப் பதிலா இன்னொரு நாலு லட்சத்தப் பூட்டி வச்சா பரவாயில்லன்னு நினைச்சிருக்கே. அதுல என் காசும் சேர்த்தி. என்னப் பொண்டாட்டின்னு எழுதாம இருக்க நானே காசு குடுத்திருக்கேன்."

"அது வெறும் காகிதம், லம்யாய். நூல் கட்டினோமே, அது போதாதா? காகிதத்துல என்ன இருக்கு?"

"காகிதத்துல ஒண்ணுமில்லியா?" அவள் அந்தக் கோப்பை எட்டி இழுத்தாள். "இது என்ன? துணியா? ஒரு தாள் குறைஞ்சா தூக்கம் வராது உனக்கு. காகிதத்துல நான்னு வரும்போது மட்டும் அது வெறும் காகிதமா?"

டெரெக் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபத்தொரு வயது ஒரேயடியாக அவர் தோளில் இறங்கியது போலிருந்தது. மெதுவாகத்தான் பேசினார்.

"முதல் கல்யாணத்துல கையெழுத்து போட்டு, வீடு போச்சு, பாதி பென்ஷன் போச்சு. ரெண்டு பெட்டியோட வீதிக்கு வந்தவன் நான். அந்த பயம் உனக்குப் புரியாது."

"வீதிக்கு வந்தவன எந்த வீட்டுல கொண்டு வந்து வச்சேன்?" என்றாள் லம்யாய். "நான் பயந்தேனா? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வங்கி அந்தக் கணக்கப் பூட்டிடும். உன் மகன் வந்து வாங்கிட்டுப் போவான். அவன் என்னப் பாத்து நீ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எங்கப்பா குடியிருந்த வீட்டுக்காரம்மான்னு அவன் எனக்கு நன்றி சொல்லிட்டுப் போகணுமா? உன் சாம்பலக்கூட என் கையில குடுக்க மாட்டாங்க டெரெக்."

சொல்லும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. அழுகை வந்தது. அழுதால் இவர் பக்கத்தில் வந்து முதுகைத் தடவுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி," என்றார் டெரெக். "இந்த வருஷ விசா முடியட்டும். அடுத்த வருஷம் கண்டிப்பாப் பாக்கலாம்."

அடுத்த வருஷம். கடைப் பணத்துக்கும் இதே அடுத்த வருஷம்தான். லம்யாய் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது வீட்டுப் பதிவுப் புத்தகம், அந்த நீல அட்டைப் புத்தகம், அவள் கையில் இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த கைலிக்குள் அதைச் செருகி இறுக்கிக்கொண்டாள்.

"பாங்காக் பஸ் ராத்திரிக்கு இருக்கு. தூதரகத்துல போய் உனக்கு வேற பொண்டாட்டி இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா. வட்டார ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணுவோம். அன்னிக்குக் கையெழுத்து போடறேன்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா எட்டு லட்சம் வச்சிருக்கியே. வேற வீடு பாரு. அங்கயும் வீட்டு உரிமையாளர் இருப்பாங்க."

"என்ன மிரட்டறியா?"

"மிரட்டல. வீட்டு உரிமையாளர் பேசுறேன்."

டெரெக் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஒன்பது வருஷத்தில் அவர் பார்த்தறியாத யாரோ ஒருத்தி சமையலறையில் நிற்பதுபோலப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அதை அவர் எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவார், அதனால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. தொப்பியை எடுத்தார், சாவியை எடுத்தார். மாற்றுத்துணி எடுக்கவில்லை. கதவைச் சாத்தாமல் போனார்.

லம்யாய் வாசல் வரை வந்தாள். கூப்பிடவில்லை. வண்டி தெருவைத் தாண்டிப் பெரிய சாலை முனைக்குப் போய் நின்றது. இடது பக்கம் திரும்பினால் பேருந்து நிலையம். வலது பக்கம் மோரிஸ் உட்கார்ந்திருக்கும் பீர் கடை. இரண்டு பக்கமும் சாலை காலியாகத்தான் இருந்தது. வண்டியின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன, எந்தப் பக்கத்துக்கும் சைகை விளக்கு போடப்படவில்லை. தெருவுக்குள்ளிருந்து வந்த கரும்பு லாரி ஒன்று அவர் பின்னால் போய் நின்று ஹாரன் அடித்தது. டெரெக் நகரவில்லை. லாரிக்காரன் இன்னொரு தடவை, கையை எடுக்காமல், நீளமாக அடித்தான்.

லம்யாய் ஒரு கையால் இடுப்பிலிருந்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த இரும்புக் கேட்டைத் தோளால் முட்டித் தள்ளினாள். அது கீழே பதித்திருந்த தண்டவாளத்தில் கீச்சிட்டுக்கொண்டே நகர்ந்து மூடியது. உள்தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே ஹாரன் சத்தம் இன்னும் நிற்கவில்லை.